தோற்கிற அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு



நவம்பர் மாதம் பிறந்ததும் அமெரிக்காவிலுள்ள நம் தமிழ்ச் சபைகளின் வாலிபர் சிலருடைய முகம் வாடத் தொடங்குகிறது. பரீட்சையும் வேலையும் அதற்குக் காரணமல்ல. ஃபேண்டஸி ஃபுட்பால்தான் காரணம். பெற்றோர் இதைக் கேட்டு நகைக்கிறார்கள். எனக்கு அது நகைப்புக்குரிய காரியமாகத் தோன்றவில்லை.

அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஏறக்குறைய பத்துப் பேர் சேர்ந்து ஒரு லீக் அமைக்கிறார்கள். பருவம் தொடங்குமுன் டிராஃப்ட் நாளில் கூடி, என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஒருவர் எடுத்த ஆட்டக்காரர் மற்றவருக்குக் கிடைப்பதில்லை. அந்த ஆட்டக்காரர்கள் மெய்யான மைதானத்தில் செய்வதற்குப் புள்ளிகள் உண்டு. ஓடும் பத்து யார்டுக்கு ஒன்று, டச்டவுனுக்கு ஆறு என்பது பொதுவான கணக்கு. வாரந்தோறும் இருவர் இருவராக மோதுகிறார்கள். 1962-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் பங்குதாரராயிருந்த பில் விங்கன்பாக்கும் அவருடைய நண்பர்களும் நியூயார்க் விடுதியொன்றில் இதன் விதிகளை வகுத்தார்கள். மறு ஆண்டில் எட்டு அணிகளோடு முதல் லீக் தொடங்கிற்று. பணம் வைத்து ஆடுவதைக் குறித்து என் எண்ணத்தை நீங்கள் அறிவீர்கள். நண்பர்கள் பணமின்றி ஆடும் லீக்கைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

பதினான்கு வாரங்களில் பத்து முடிந்துவிட்டன. இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. பிளேஆஃப் சுற்றுக்குப் போக வழியில்லை. முதல் சுற்றில் எடுத்த ரன்னிங் பேக் முழங்கால் காயத்தோடு வீட்டிலிருக்கிறார். ஒரு வாரம் லீக்கிலேயே இரண்டாவது அதிகப் புள்ளிகள் எடுத்தும், அன்று எதிரே நின்றவர் முதலாவது எடுத்ததால் தோல்வி. இந்த விளையாட்டில் அப்படி நேர்வது அபூர்வமல்ல. எதிராளியின் புள்ளிகளைத் தடுக்க உங்களிடம் ஒரு வழியுமில்லை. உங்கள் ஆட்டக்காரர்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான். ஆகவே எட்டுத் தோல்வியையும் தன் அறிவீனத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுகிற வாலிபன் தனக்குத்தானே அநியாயம் செய்கிறான்.

இந்த நிலையில் சோர்ந்தவர்களுக்கு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுவது வழக்கம். எனக்கு அதில் திருப்தியில்லை. ஆண்டுதோறும் புதிதாக டிராஃப்ட் செய்யும் லீக்கில் இந்த அணியிலிருந்து அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. கடைசி இடத்தவருக்குத் தண்டனை வைப்பது மற்றொரு வழி. வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் இருபத்துநான்கு மணிநேரம் உட்காரவேண்டும், தின்னும் ஒவ்வொரு வாஃபிளுக்கும் ஒரு மணிநேரம் குறையும் என்பது அவற்றில் பேர்போனது. வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆயினும் வெட்கத்துக்குப் பயந்து செய்வது ஊக்கமாகாது. தோற்ற அணிகளுக்குள் தனிச் சுற்று வைத்து, அதில் வென்றவருக்கு அடுத்த டிராஃப்ட்டில் முதல் தெரிவைக் கொடுக்கும் லீக்குகள் உண்டு. அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வாலிபத் தம்பிமாரே, நீங்கள் கைவிட்ட அணி ஆட்டத்தைவிட்டு விலகிவிடுவதில்லை. அது அட்டவணையிலே நிற்கிறது. காயப்பட்டவரும், பை வாரத்தில் ஓய்ந்திருக்கிற குவாட்டர்பேக்கும் வரிசையிலேயே கிடந்து பூஜ்யம் எடுக்கிறார்கள். அந்த வாரம் உங்களோடு மோதுகிறவருக்கு உழைப்பின்றி ஒரு வெற்றி கிடைக்கிறது. பிளேஆஃபின் கடைசி இடத்துக்கு இருவர் போட்டியிடும்போது, அவர்களில் ஒருவர் செப்டம்பரில் உங்களை முழு பலத்தோடு சந்தித்துத் தோற்றிருப்பார். மற்றவர் நவம்பரில் உங்கள் வெறுமையான அணியைச் சந்தித்து வெல்லுவார். அப்பொழுது அந்த இடம் யாருக்கு என்று முடிவு செய்தது யார்? நம்பிக்கை இழந்தது உங்கள் சொந்தக் காரியம். டிராஃப்ட் நாளில் மற்ற ஒன்பது பேரோடு மேசையில் உட்கார்ந்தபோது, பதினான்கு வாரமும் வருவேன் என்றல்லவா ஒப்புக்கொண்டீர்கள்?

மெய்யான ஆட்டக்காரர்களைப் பாருங்கள். 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றது. அப்படித் தோற்ற முதல் அணி அதுவே. அந்த அணியில் இரண்டாம் ஆண்டு ஆட்டக்காரராயிருந்த கால்வின் ஜான்சன் அதே பருவத்தில் 1,331 யார்டுகளும் 12 டச்டவுன்களும் எடுத்தார். டச்டவுன் பிடித்தவர்களில் அவ்வாண்டு அவரைவிட அதிகம் எடுத்தவர் எவருமில்லை. அணியின் தோல்வியை அவரால் தடுக்கமுடியவில்லை. பந்து தன்னிடம் வந்தபோதெல்லாம் ஓடினார். தோற்கிற அணியின் ஆட்டக்காரர் எடுத்த அந்தப் புள்ளிகளால் எத்தனை கற்பனை அணிகள் வென்றனவோ!

வேதத்தை வாசிக்கிறவர்கள் எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியதை நினைத்துக்கொள்வார்கள். நகரம் முற்றுகையிலிருக்க, தாம் காவலிலிருக்க, பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துச் சாட்சிகளை வைத்துப் பத்திரம் முடித்தார். அவருக்கு வாக்குத்தத்தம் இருந்தது. உங்கள் அணிக்கு அப்படி ஒன்றுமில்லை, ஒப்புமையை நீட்டமாட்டேன். ஆனால் எல்லாம் தோற்றுக்கொண்டிருக்கும் வேளையில் தராசைச் சரியாகப் பிடித்த அந்தக் கை என்னைத் தொடுகிறது.

வேலை அதிகமில்லை. பல லீக்குகளில் வேவர் பட்டியலிலிருந்து ஆட்டக்காரரை எடுக்கும் முதல் உரிமை கடைசி இடத்தவருக்கே உண்டு. செவ்வாய் இரவு பத்து நிமிடம் போதும். காயப்பட்டவருக்குப் பதிலாகப் புதிதாய் ஓடவந்த, பேர் அறியாத ஒருவரை எடுத்து அவர் ஆட்டத்தைப் பார்ப்பதில் வெற்றிக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்பமும் இருக்கிறது. ஞாயிறு பிற்பகல் ஒரு மணி ஆட்டத்துக்கு முன் ஆராதனையும் முடிந்துவிடும், பிரசங்கியார் இரக்கமுள்ளவராயிருந்தால்.

இம்மாதக் கடைசியில் நன்றியறிதல் நாள் வருகிறது. அன்று டெட்ராய்ட்டிலும் டல்லஸிலும் ஆட்டமுண்டு, வியாழக்கிழமை. ஞாயிறு காலையில் வரிசை அமைத்துப் பழகினவர்கள் அதைத் தவறவிடுவதுண்டு. புதன் இரவே பார்த்துவிடுங்கள்.