மியூனிக் போனால் ஆள் மாறுமா?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால் பிள்ளை ‘ஆளாகிவிடுவான்’ என்ற பேச்சு கல்விக் கண்காட்சி அரங்கிலும் கேட்கிறது, கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறது. பட்டம், வேலை, சம்பளம் ஆகியவற்றோடு தன்னம்பிக்கையும் தன்னை அறிகிற பக்குவமும் இலவச இணைப்பாக வந்து சேரும் என்று நம்புகிறோம். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இப்போது அதிகம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்கள் எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகள் அதில் நிறையவே உண்டு. இத்தனை பேர் கிளம்பும்போது, அந்த இலவச இணைப்பு நிஜமாகவே கைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். கிடைக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. மாணவர் எவ்வளவு துணிச்சல்காரர், நகரம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் இதில் இரண்டாம்பட்சம். அங்கே அவர் யாரோடு பழகுகிறார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அவருக்கென்று மிஞ்சுகிறது என்ற இரண்டும்தான் விஷயத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் வாதம்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. யூலியா சிம்மர்மன், ஃபிரான்ஸ் நையர் என்ற உளவியலாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, வெளிநாடு சென்ற ஜெர்மன் மாணவர்களையும் உள்ளூரிலேயே தங்கிவிட்டவர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. போவதற்கு முன்பே அவர்களின் குணங்களை அளந்துவைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ‘பழகத் தெரிந்தவன்தானே வெளிநாடு போகிறான், பயணம் அவனைப் புதிதாக என்ன மாற்றியது’ என்று கேட்பவர்களுக்கு வேறு எப்படியும் பதில் சொல்ல முடியாது. அவர்கள் சொல்வது பாதி சரி என்றே ஆய்வும் காட்டியது. போனவர்கள் தொடக்கத்திலேயே சற்று வேறு மாதிரியானவர்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தபோதும், போய்வந்தவர்களிடம் புதியதை ஏற்கிற மனம் கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. இந்த மாற்றத்துக்குப் பெருமளவு காரணம், அங்கே புதிதாகக் கிடைத்த பிற நாட்டு நட்புகள். 2018-ல் ஹாயோ ஆடம் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இன்னொன்றைக் கண்டார்கள். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தாம் யார் என்பதில் தெளிவு கூடுகிறது. ஆனால் எத்தனை நாடுகளில் வாழ்ந்தார்கள் என்பதைவிட எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதே அதில் எடை உள்ளதாக இருந்தது. ‘இந்த வழக்கம் என்னுடையதா, என் வீட்டாருடையதா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ள நேர்வதுதான் அந்தத் தெளிவைத் தருகிறதாம்.

அந்தக் கேள்வி எங்கே எழுகிறது என்பதை மியூனிக்கில் அறை தேடி அலைகிற மாணவரிடம் பார்க்கலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஆளுக்கோர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது என்று வாழ்வது அங்கே மாணவர் வழக்கம். ஓர் அறை காலியானால், வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள் புதிதாக வருபவரைச் சமையலறை மேசையில் உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பார்கள். என்ன மார்க், அப்பாவுக்கு என்ன வேலை என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. சாயங்காலம் என்ன செய்வாய், சேர்ந்து சமைத்துச் சாப்பிடப் பிடிக்குமா தனியாக இருக்கப் பிடிக்குமா, தொட்டியில் பாத்திரம் கிடந்தால் கோபம் வருமா என்றுதான் கேட்பார்கள். சென்னையில் வீடு தேடுகிற இளைஞரிடம் கேட்கப்படுவது வேறு: பேச்சிலரா, சைவமா அசைவமா, பிறகு சுற்றி வளைத்துச் சாதி. இவற்றுக்கெல்லாம் பிறக்கும்போதே விடை எழுதியாகிவிட்டது. மியூனிக் மேசையில் கேட்பதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பிளஸ் டூ, கவுன்சலிங், கேம்பஸ் என்று பிறர் போட்ட தடத்தில் ஓடிவந்த 22 வயதுக்காரரிடம் அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது அக்கறையாகக் கேட்பது பெரும்பாலும் அதுவே முதல் தடவை.

இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்துவிட வேண்டும். நம் மாணவர்கள் வெளிநாடு தந்த வளர்ச்சி என்று சொல்பவற்றில் பாதி, நாட்டை விட்டுப் போனதால் வந்ததே இல்லை. வீட்டை விட்டுப் போனதால் வந்தது. சமைப்பது, துணி துவைப்பது, மாதக் கடைசிவரை காசை இழுத்துப் பிடிப்பது, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய பட்டியல்படி தன் முறை வந்தால் கழிவறையைக் கழுவுவது எல்லாம் ஜெர்மன் பிள்ளைகள் பதின்பருவம் முடியும்போதே பழகிக்கொள்கிற சங்கதிகள். நம் வீட்டு ஆண்பிள்ளைக்கு அது சுயதரிசனமாகத் தோன்றினால், அவனை வளர்த்த விதத்தைப் பற்றித்தான் அது அதிகம் சொல்கிறது. தென்காசியிலிருந்து கிண்டி விடுதிக்கு வந்தவர்களுக்கே இதில் கொஞ்சம் வாய்த்திருக்கும். பெண்களுக்கு மட்டும் இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரவு பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து சுரங்க ரயிலேறி அறைக்குத் திரும்புவதை யாருக்கும் விளக்க வேண்டாம் என்ற நிலைமை, இங்கே நன்றாகச் சம்பாதிக்கிற பெண்களில் பலருக்கும் கிடைக்காத ஒன்று. ஆணுக்குத் திறமையாகச் சேர்வது பெண்ணுக்கு உரிமையாகச் சேர்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஐரோப்பாவில் படித்தால் ஆள் மாறும் என்ற புகழ் பரவியதில் 1987-ல் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் போகிற ஐரோப்பிய மாணவருக்கு உதவித்தொகை உண்டு, போகிற இடத்தில் கல்விக் கட்டணம் இல்லை, மனம் சலித்தால் ரயிலேறி வீடு திரும்பலாம். நம் மாணவரின் நிலைமை அப்படியா? விசாவுக்காக முடக்குக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். மியூனிக்கில் பகிர்வீட்டு அறை ஒன்றின் சராசரி வாடகை சுமார் 800 யூரோ. மருத்துவக் காப்பீட்டையும் கட்டினால் சாப்பாட்டுக்குக்கூட ஒழுங்காக மிஞ்சாது. மியூனிக்கின் ஃபிரைமான் பகுதியில் உள்ள பெரிய மாணவர் குடியிருப்பில் 2021 தீ விபத்துக்குப் பின் பல அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால், மலிவான இடங்களும் குறைந்தன. போதாக்குறைக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களிடம் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கட்டணம் கேட்கிறது. ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டியும் ஓடுகிறது. ஆகவே சட்டம் அனுமதிக்கிற 140 முழு நாட்களையோ 280 அரை நாட்களையோ சேமிப்புக் கிடங்கிலும் உணவகத்திலும் கழிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பு, வேலை, தூக்கம் போக மிஞ்சும் நேரத்தில் அயர்ந்து வருகிறவர் தமிழில் பேசக்கூடிய அறைக்கே திரும்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைக் குறையாகவே ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். முதல் குளிர்காலத்தில் நான்கரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில், காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுப்பவர் தமிழ் நண்பர்தான். வெளியே போய்ப் பழகு என்று புத்தி சொல்வது சுலபம், கதவு திறக்க வேண்டுமே என்பதும் நியாயம். 2017-ல் பவேரிய ஒலிபரப்பு நிறுவனமும் ஷ்பீகல் இதழும், ஜெர்மன் பெயர்களிலும் வெளிநாட்டுப் பெயர்களிலும் சுமார் 20,000 வாடகை விசாரணைகளை அனுப்பிச் சோதித்தன. துருக்கிய, அரபுப் பெயர்களுக்கு அழைப்பு வெகுவாகக் குறைந்தது. மோசமான நகரங்களின் வரிசையில் மியூனிக் முன்னால் நின்றது. சமையலறை மேசைவரை போக முடியாதவர்களும் உண்டு என்பதே இதன் பொருள். இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் நிற்கிறது. தமிழ் நண்பர்கள் தாங்கிப்பிடிப்பார்கள், ஆனால் கேள்வி கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு நம்மை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அந்த வட்டத்தோடு நின்றுவிட்டால் ஊரில் இருந்த மனிதர் அப்படியே, கம்பளிச் சட்டையில் இருப்பார்.

பழைய உதாரணம் ஒன்று இதில் உதவும். மானுடவியல் அறிஞர் ஐராவதி கார்வே 1920-களின் இறுதியில் பெர்லினுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனார். பெண்கல்விக்காகவே வாழ்ந்த மாமனார் தோண்டோ கேசவ் கார்வேகூட அந்தப் பயணத்தை விரும்பவில்லை. குடும்ப நண்பர் ஜீவராஜ் மேத்தா கொடுத்த கடனில்தான் கிளம்பினார். வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர், பின்னாளில் நாஜிகளின் இனக்கொள்கைக்குத் துணைநின்றவர். மண்டையோட்டின் இருபக்கச் சமமின்மையை இனத்தோடு முடிச்சுப் போடும் அவருடைய கருத்தைச் சோதிப்பதே ஐராவதிக்குத் தந்த வேலை. அளந்து பார்த்தவர், அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்தப் பேராசிரியரிடமே ஜெர்மன் மொழியில் ஆய்வேடாக எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினார். அவரும் கடனில்தான் போனார் என்பதால் கடனே எதிரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய நாட்கள் அவருடையவையாக இருந்தன, மொழியும் கையில் இருந்தது. ஒரு நாட்டோடு வாதாடுகிற அளவுக்கு அதற்குள்ளே போனவருக்குத்தான் தன் கருத்து எது என்பது பிடிபடும். வியந்து படமெடுப்பதில் அது கிடைக்காது.

‘நாங்கள் பிள்ளையை அனுப்புவது வேலைக்காக, சுயதேடலுக்காக இல்லை’ என்று பெற்றோர் சொல்லலாம். ஆங்கில வழியிலேயே முதுநிலைப் பட்டம் முடித்தவர் வேலை தேடும்போது எத்தனை ஜெர்மன் நிறுவனங்கள் ஜெர்மன் மொழியை எதிர்பார்க்கின்றன என்பதைப் பார்த்தால், இரண்டும் ஒரே வழியில்தான் போகின்றன என்பது தெரியும். ஆகவே அனுப்பப் போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். சேர்க்கைக்கும் விசாவுக்கும் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல், சென்னை மேக்ஸ் முல்லர் பவனிலோ பக்கத்து ஊர் வகுப்பிலோ பி1 நிலைவரை ஜெர்மன் படிக்க வையுங்கள். செலவுக் கணக்கில் விசாத் தொகையோடு நிறுத்தாமல், முதல் இரண்டு பருவங்கள் பிள்ளை இரவு வேலைக்குப் போக வேண்டாத அளவுக்குப் பணத்தைச் சேர்த்து எழுதுங்கள். அது முடியாதென்றால் மியூனிக்கை விட்டுவிடுங்கள். கெம்னிட்ஸிலும் மக்டெபுர்க்கிலும் நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அறை வாடகை மியூனிக்கில் பாதிகூட ஆகாது.