பாடநூலும் பற்று வரவும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே வினா எழுகின்றது. “பி.காம். படித்து என்ன ஆகப் போகிறது? பொருளியல் படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?” பொறியியலும் மருத்துவமும் எட்டாதவர்க்கு எஞ்சிய இடமே வணிகவியலும் பொருளியலும் சமூகவியலும் என்று எண்ணுவோர் இன்றும் பலர். பெற்றோரின் இவ்வெண்ணம் பிள்ளைகளையும் பற்றிக்கொள்கின்றது. மூன்றாண்டுகள் குறிப்புகளை உருப்போட்டு ஒப்பிக்கிறார்கள். இறுதிப் பருவத்தில் ‘புராஜெக்ட்’ என்னும் ஆய்வறிக்கையை, எவரோ என்றோ எழுதியதை, விலைக்கு வாங்கி, அட்டை மாற்றிக் கட்டி ஒப்படைப்பாரும் உளர்.

இதனால் விளையும் இழப்பு யாது? மதிப்பெண் குறையாது, பட்டமும் கிடைத்துவிடும். எனினும், தன் வீட்டையும் ஊரையும் அறிவதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அம்மாணவனின் கையைவிட்டுப் போய்விடுகின்றது. இப்பாடங்கள் பேசுவதெல்லாம் நம் வயலையும், நம் சந்தையையும், நம் கடனையுமே அன்றோ?

இதனை நன்குணர்ந்த ஆசிரியர் ஒருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் மாநிலத்தில் பணியாற்றினார். அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியல் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர். ஆங்கில நூல்களை மட்டும் படித்து இந்நாட்டின் பொருளியலைக் கற்க இயலாது என்று கண்ட அவர், மாணவர் கையில் ஒரு வினாநிரலைக் கொடுத்து அவரவர் கிராமத்துக்கே அனுப்பினார். நிலம் யாருடையது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று சொந்த ஊரிலேயே கேட்டு எழுதி வரச் செய்தார். அவ்வறிக்கைகள் 1918இல் ‘தென்னிந்தியக் கிராமங்கள் சில’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாயின.

அம்மாணவர்கள் எழுதியது வீண் போகவில்லை. 1936–37இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் அதே கிராமங்கள் மீண்டும் ஆராயப்பட்டன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள இருவேல்பட்டு என்னும் சிற்றூர் 1980களின் தொடக்கத்திலும், பின்னர் 2008இலும் மறுபடியும் ஆராயப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்காலத்தில் நிலம் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது, உழைப்போர் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதை அறிய, கல்லூரி மாணவர் எழுதிய அப்பழைய குறிப்புகளே அடிப்படையாயின. விலைக்கு வாங்கிய அறிக்கையை நூறாண்டு கழித்து எவர் தேடுவார்?

நம் கொடுமுடிப் பகுதியில் இத்தகைய ஆய்வுக்குப் பொருள் இல்லையா? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காயும் கொப்பரையும் எள்ளும் ஏலத்திற்கு வருகின்றன. மறைமுக ஏலத்தால் உழவர்க்கு விளையும் நன்மை யாது? கொப்பரையின் ஈரப்பதம் விலையை எவ்வாறு மாற்றுகின்றது? விளைபொருளைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி இருந்தும், அறுவடை முடிந்தவுடனேயே விற்றுவிடுகிறவர்கள் எதனால் அவ்வாறு செய்கிறார்கள்? ஓர் ஏல நாளில் அங்கே சென்று, பத்து உழவரிடம் பணிவோடு கேட்டால், பாடநூலின் ஓர் அதிகாரம் உயிர் பெற்று எழும்.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டில் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைக் கடந்து விற்றது. அவ்விலையைக் கண்டு பலரும் மஞ்சள் நட்டனர். விளைச்சல் சந்தைக்கு வந்து குவிந்தபோது, 2012இல் விலை 5,000 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதப் பயிர் அது. நடும்போது கண்ட விலை விற்கும்போது இருப்பதில்லை. இதனையே பொருளியலார் ‘சிலந்தி வலைத் தேற்றம்’ என்பர். 1934இல் இப்பெயரைச் சூட்டியவர் நிக்கோலஸ் கால்டார். 1956இல் நம் நாட்டின் வரிமுறையை ஆராய வந்த அறிஞரும் அவரே. வகுப்பில் அப்படத்தை வரைந்து மதிப்பெண் பெறும் மாணவன், அவ்வலையில் தன் தந்தையும் சிக்கியிருந்தார் என்பதை அறிவானா?

இன்னும் அண்மையில், நம் வீட்டிற்குள்ளேயே வருவோம். தவணைக் கடன் தருவோர், “நூற்றுக்குப் பன்னிரண்டே வட்டி” என்கிறார்கள். 10,000 ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு 1,200 வட்டி, மொத்தம் 11,200. இதனைப் பன்னிரண்டு மாதத் தவணையாக, மாதம் ஏறக்குறைய 933 ரூபாய் கட்ட வேண்டும். கணக்குச் சரியாகவே தோன்றும். ஆனால், மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறதே. வட்டியோ முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் போடப்பட்டுள்ளது! குறையும் அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 21 விழுக்காடு. வணிகவியல் மாணவன் இக்கணக்கை வகுப்பில் கற்றிருக்கிறான். இருந்தும் தந்தை கையெழுத்திடும்போது வாய் திறவாது நிற்கிறான். ‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று நாம் அவனை விலக்கி வைத்திருக்கிறோம். ‘வகுப்புப் பாடம் வேறு, வீடு வேறு’ என்று அவனும் விலகி நிற்கிறான்.

ஆகவே பெற்றோரே, உங்கள் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டிக்கு என்பதை வயது வந்த மகனும் மகளும் அறியட்டும். வறுமையைச் சொல்ல நாணுகிறோம். ஆனால், கடன் இருப்பதை அறியாத பிள்ளை கல்விக் கட்டணத்தின் அருமையையும் அறியாது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி இன்று ஊர்தோறும் பரவியுள்ளன. அக்குழுவின் பேரேட்டைத் தாய் மகளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லட்டும். பற்று எது, வரவு எது என்பது அன்று அவளுக்கு விளங்கும். படித்தவள் என்ற மதிப்பும் அவளுக்கு வீட்டில் கிடைக்கும்.

இளையோரே, உங்களுக்கும் ஒரு சொல். ஆய்வறிக்கைக்குப் பெரிய நிறுவனங்களைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் தெருவிலுள்ள மளிகைக் கடையின் கடன் விற்பனை, ஒரு தென்னந்தோப்பின் ஓராண்டு வரவு செலவு, ஓராள் கூலியில் ஒரு குடும்பம் நடக்கும் விதம் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். சொன்னவர் விரும்பாவிடில் அவர் பெயரை வெளியிடாதீர்கள். எண்கள் நீங்கள் எதிர்பார்த்தவாறு அமையாவிடினும் அவற்றைத் திருத்தாதீர்கள். நடை கரடுமுரடாயிருக்கலாம், பக்கங்கள் குறைவாயிருக்கலாம். அது உங்கள் உழைப்பாயிருக்கும்.

வேலை கிடைக்குமா என்னும் பெற்றோரின் கேள்வி நியாயமானதே. உண்மையாகக் கணக்கெழுதவும், பிறர் நிலையைப் பொறுமையோடு கேட்டறியவும் பழகியவனை வங்கியும் தேடும், கடையும் தேடும், கூட்டுறவுச் சங்கமும் தேடும். அவ்வேலை சற்றுத் தாமதமாக வந்தாலும், அதற்குள் அவன் தன் வீட்டை ஒரு தவறான கடனிலிருந்தேனும் காத்திருப்பான்.