சாமுவேலின் பிள்ளைகள்

முதியவர்கள் கூட்டமாக ராமாவுக்கு வந்து சேர்ந்தபோது சாமுவேலுக்கு வயதாகிவிட்டிருந்தது. வந்தவர்கள் சுற்றி வளைக்கவில்லை. அவருடைய முதுமையைச் சொன்னார்கள். பிள்ளைகள் தந்தையைப்போல் இல்லை என்றார்கள். ஆகவே மற்ற தேசத்தாருக்கு இருப்பதுபோல் தங்களுக்கும் ஒரு ராஜா தேவை என்று முடித்தார்கள்.

சாமுவேலைப் புண்படுத்தியது கடைசிக் கோரிக்கைதான் என்கிறது எபிரேய வேதம். மனம் நொந்து பிரார்த்தனையில் இறங்குகிறார். பிள்ளைகளைப் பற்றிய புகாருக்கு அவர் பதில் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

புகாரோ சாதாரணமானதல்ல. மூத்தவன் யோவேல், இளையவன் அபியா. இருவரும் தெற்குக் கோடியில் இருந்த பெயெர்செபாவில் நியாயாதிபதிகள். லஞ்சம் வாங்கித் தீர்ப்பைப் புரட்டினார்கள். அவர்களை அங்கே உட்கார வைத்ததே சாமுவேல்தான். அதுவரை இஸ்ரவேலில் நியாயாதிபதி பதவி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாக இருக்கவில்லை. ஆபத்துக் காலத்தில் யாராவது ஒருவர் எழும்புவார், அவ்வளவுதான். ஆளும் உரிமை வீடு தேடி வந்தபோது கிதியோன் தனக்கும் வேண்டாம், தன் மகனுக்கும் வேண்டாம் என்று மறுத்திருக்கிறார்.

இதைவிடச் சங்கடமான விஷயம் சாமுவேலின் சிறுவயதில் இருக்கிறது. சீலோவில் ஆசாரியர் ஏலியின் பராமரிப்பில் வளர்ந்தவர் அவர். ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆலயத்தைத் தங்கள் சமையலறையாக்கியிருந்தார்கள். பலி கொண்டுவந்தவர்களின் இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே வேலைக்காரன் மூன்று முனை முட்கரண்டியோடு வருவான். பானையில் குத்தி, வந்ததெல்லாம் ஆசாரியனுக்கு என்று கொண்டுபோவான். கிழவர் கண்டித்தார், ஆனால் தடுக்கவில்லை. ஓர் இரவு சிறுவன் சாமுவேலைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்து முதன்முதலாக ஒப்படைத்த செய்தியே இதுதான்: பிள்ளைகளின் அக்கிரமம் தெரிந்தும் அடக்காத தந்தையின் வீடு அழியும். விடியும்வரை படுத்துக் கிடந்த பையன் அதைக் கிழவரிடம் சொல்லப் பயந்தான். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னான்.

அந்தப் பையன்தான் இப்போது ராமாவில் நரைத்த தலையோடு நிற்கிறார்.

பிற்காலத்து யூத அறிஞர்களுக்கு இது தொண்டையில் முள். பாபிலோனியத் தால்முதில் ரபி யோனத்தான் பெயரால் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் உண்மையில் லஞ்சம் வாங்கவில்லை. தந்தை ஆண்டுதோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று ஊர் ஊராய்ச் சுற்றி நியாயம் விசாரித்தார், இவர்களோ தங்கள் ஊரிலேயே உட்கார்ந்து தங்கள் சேவகர்களுக்கும் எழுத்தர்களுக்கும் வருமானத்தைப் பெருக்கினார்கள் என்பது அதன் சாரம். குற்றத்தைக் குறைக்கும் முயற்சிதான் என்றாலும் கூர்மையான கவனிப்பு. வழக்காளியைத் தேடிப் போகும் நீதிபதிக்கும், வரட்டும் என்று காத்திருப்பவருக்கும் உள்ள தூரத்தை அது பிடித்துவிடுகிறது.

இங்கே மொழிபெயர்ப்பில் நழுவிவிடும் ஒரு வினைச்சொல் உண்டு. எபிரேயத்தில் 'லாகாக்' என்றால் எடுப்பது. முட்கரண்டி இறைச்சியை ஆசாரியன் எடுப்பதும் அதே சொல், சாமுவேலின் பிள்ளைகள் பணம் பெறுவதும் அதே சொல். ராஜா வந்தால் என்ன நடக்கும் என்று சாமுவேல் எச்சரிக்கும் உரையில் அது நான்கு முறை வருகிறது. மகன்களைத் தேருக்கும் குதிரைக்கும் எடுப்பான், மகள்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும், நல்ல வயலையும் திராட்சைத் தோட்டத்தையும், வேலைக்காரரையும் கழுதைகளையும். விளைச்சலிலும் மந்தையிலும் பத்தில் ஒரு பங்கு தனிக் கணக்கு. தமிழில் லஞ்சத்தை 'வாங்குகிறோம்', நிலத்தை 'எடுக்கிறோம்'. அதனால் தமிழ் வாசகருக்கு இந்தச் சங்கிலி கண்ணில் படுவதில்லை.

எச்சரிக்கை எடுபடவில்லை. ஜனங்கள் பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் ஒதுக்கியது உன்னையல்ல, என்னைத்தான் என்று ஆறுதல் சொன்ன கடவுளே, அவர்கள் கேட்டதைக் கொடு என்றும் உத்தரவிட்டார். சாமுவேலின் விசுவாசம் சோதிக்கப்பட்ட இடம் இதுதான். தான் தவறென்று நம்பிய ஒன்றைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். தைலக் குப்பியை எடுத்து சவுலின் தலையில் ஊற்றினார், முத்தமிட்டார். முகம் சுளித்ததாக எழுதப்படவில்லை.

விடைபெறும் உரையில் அதே வினைச்சொல்லைத் தன்மேல் திருப்பிக்கொள்கிறார். யார் மாட்டையாவது, கழுதையையாவது எடுத்திருக்கிறேனா, லஞ்சம் பெற்றுக் கண்ணை மூடிக்கொண்டேனா என்று புதிய ராஜாவின் முன்னிலையில் சாட்சி கேட்கிறார். இல்லை என்கிறது கூட்டம். இதற்குச் சற்று முன்பு, என் பிள்ளைகளும் உங்களோடுதான் இருக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு. அவர்கள் மேல் பழியும் இல்லை, அவர்களுக்காக வக்காலத்தும் இல்லை. பதவியிழந்து சாதாரணக் குடிமக்களாகிவிட்டார்கள் என்று இதைப் படிக்கலாம். ஒரு தந்தையால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை என்றும் படிக்கலாம். இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஏலிக்குத் தீர்ப்புச் சொன்ன அதே வாய் அல்லவா!

அதன் பிறகு கோதுமை அறுவடைக் காலத்தில் அகாலமாக இடியும் மழையும் வருகிறது. ஜனங்கள் பயந்துபோய்த் தங்களுக்காக வேண்டிக்கொள்ளக் கேட்கிறார்கள். தன்னை வேண்டாமென்றவர்களுக்காக ஜெபிக்காமல் விடுவது தனக்குப் பாவம் என்று பதில் வருகிறது.

யூதர்களின் ஜெப ஆலயங்களில் இந்த விடைபெறும் உரை, மோசேயை எதிர்த்துக் கலகம் செய்த கோராகின் கதையோடு சேர்த்து வாசிக்கப்படுகிறது. அந்தக் கலகத்தின்போது மோசேயும் ஒரு கழுதையைக்கூடத் தான் எடுத்ததில்லை என்று முறையிடுவார். நாளாகமத்தின் வம்சவரலாற்றைப் புரட்டினால் சாமுவேலே கோராகின் வழிவந்தவர் என்று தெரிகிறது. அதே அதிகாரத்தில் யோவேலின் பெயரும் வருகிறது. லஞ்சம் வாங்கிய அந்த யோவேலின் மகன் ஏமான், தாவீது ஆலயப் பாடகர்களாக ஏற்படுத்தியவர்களில் முதன்மையானவர். அவருக்கு 14 மகன்கள், 3 மகள்கள். கைத்தாளமும் வீணையும் சுரமண்டலமும் முழங்க, தந்தையின் கைச்சைகைக்கு ஏற்றபடி அவர்கள் பாடினார்கள்.