புல்லட் யாருடைய வண்டி?

போன மாதம் எங்கள் கல்லூரி வாசலில் ஒரு பழைய புல்லட் நின்றிருந்தது. நன்றாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். டேங்க்கின் இரண்டு பக்கமும் இங்கிலாந்துக் கொடி! "பிரிட்டிஷ் வண்டிடா, அதான் கொடி" என்றான் நண்பன். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பெரியப்பா வைத்திருப்பதும் அதே மாதிரி வண்டிதான், 1984ல் வாங்கியது. அந்த வருடம் இங்கிலாந்தில் ஒரு புல்லட் கூடத் தயாராகவில்லை. அத்தனையும் நம்ம திருவொற்றியூரில் செய்தவை.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர், ஊசி தயாரிப்புக்குப் பெயர் போனது. அங்கே 1851ல் ஊசி செய்ய ஆரம்பித்த ஒரு பட்டறைதான் பிறகு சைக்கிளுக்கு மாறியது. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததால் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் வந்தது. முதல் மோட்டார் சைக்கிள் 1901ல். 'புல்லட்' என்ற பெயர் 1932ல். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் கட்டி விமானத்திலிருந்து இறக்கிய குட்டி வண்டி கூட இவர்கள் செய்ததுதான். இதுவரை இங்கிலாந்தின் கதை, மறுக்கவில்லை.

1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 800 புல்லட் கேட்டது. இங்கே விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955ல் அவர்களும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' தொடங்கினார்கள். முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள், சில வருடங்களிலேயே முழு வண்டியும் இங்கேயே தயாரானது. 1967ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள், பிறந்த வீட்டுக்குச் சீர் அனுப்பின மாதிரி :-)

இடையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. காதில்லாத ஊசியைப் பார்த்து எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் அடங்கிய ஊர் திருவொற்றியூர். ஊசிப் பட்டறையில் பிறந்த வண்டி பிழைக்க வந்து சேர்ந்ததும் அதே ஊர்!

கொடி நண்பன் விடவில்லை. "டிசைன் அவங்களோடது, நாம காப்பி அடிச்சோம், அவ்வளவுதானே?" என்றான். பாதி உண்மை. அந்த எஞ்சின் 1940களின் வடிவம். கிட்டத்தட்ட அறுபது வருடம் பெரிய மாற்றமில்லாமல் அதையே ஓட்டினோம். அதற்கு நம் பாரம்பரியப் பற்று காரணமில்லை. லைசென்ஸ் ராஜ்யத்தில் போட்டிக்கு ஆளில்லை, மாற்றவேண்டிய அவசரமும் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

ஆனால் ஒரு பொருளின் பாரம்பரியம் அதை வரைந்தவனிடம் மட்டும்தான் இருக்கிறதா? பெரியப்பா வண்டியைக் கிளப்புவதைப் பாருங்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷர் என்கிற குட்டி லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, ஒரே உதை. தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போச்சு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு பைக் ஓட்டிப் பழகியவன் இதில் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பான். (நான் மிதித்தேன். வேலி மேல் போய் நின்றேன். அது தனிப் பதிவு.)

இதெல்லாம் எந்தப் புத்தகத்தைப் படித்து வந்தது? அப்பாவிடமிருந்து மகனுக்கு, மெக்கானிக்கிடமிருந்து கையாளுக்கு. சத்தத்தைக் கேட்டே டேப்பட் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம்மிடம் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார், பண்ணையார் வருகிறார் என்று அந்த 'டப் டப்' சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தது நம் ஊர்த் தெரு. அதைத்தான் நான் பாரம்பரியம் என்பேன்.

விளம்பரங்களில் 1901 என்ற வருடம் பெரிதாக வருகிறது. 1955 எத்தனை பேருக்குத் தெரியும்? 1994ல் ஐஷர் கைக்கு நிறுவனம் போன கதையாவது வணிகப் பத்திரிகைகளில் வந்தது. ஷிப்ட் முடிந்து திருவொற்றியூர் கேட்டை விட்டு வெளியே வந்தவர்களின் கதை? 1950களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதை ஒட்டி இருக்கும். 2009ல் கிளாசிக் வந்தபோது எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன, செல்ஃப் ஸ்டார்ட்டும் வந்துவிட்டது. அம்மீட்டர் முள் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். 2013ல் ஒரகடத்தில் திறந்த ஆலை பெரியது, நவீனமானது. நல்லதுதான், பழைய எஞ்சினையே கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கலாமே என்றுதான் சொல்கிறேன். இயந்திரவியல் படிக்கும் எங்கள் கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு பழைய மெக்கானிக்கிடம் ஒரு நாள் உட்கார்ந்தால் கூடப் போதும். யாரோ செய்த பிராஜெக்ட்டை காசு கொடுத்து வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

பெரியப்பா வண்டிக்கு இப்போது ஒருவர் விலை பேசியிருக்கிறார். வாங்கினால் டேங்க்கில் கொடி வரைவாராம். பெரியப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. முட்டி வலி, உதைக்க முடிவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். உதைப்பது மட்டும் என் வேலையாம்.