ஆபரேஷனா கொன்றது?



போன வாரம் மலையில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவனின் அப்பா. பந்தலுக்கு அடியில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "நல்லா இருந்த மனுசன். கீழ கொண்டு போயி ஆபரேஷன் பண்ணாங்க, மூணாம் நாளே போயிட்டாரு."

நல்லாவா இருந்தார்? வியாழக்கிழமை வயிற்று வலி, ஓமத் தண்ணீர். வெள்ளிக்கிழமை கடையில் வாங்கிய வலி மாத்திரை. அன்று நானும் போய்ப் பார்த்தேன். "வாயுவா இருக்கும், சுக்குக் கஷாயம் குடிங்க" என்று சொன்னவன் நான்தான். வாத்தியார் சொல்லிவிட்டாரே என்று வீட்டாரும் இருந்துவிட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் வயிறு பலகை மாதிரி இறுகிப்போன பிறகுதான் 108-க்குப் போன் செய்தார்கள். அப்புறம் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவு.

இரைப்பையில் ஓட்டை என்றார்களாம். மூட்டு வலிக்கென்று வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர் அவர். அந்த மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும்.

டென்மார்க்கில் இதே நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 2,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைந்திருக்கிறது. அதுவும் ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகான மணிக்கணக்கு. நம் ஆள் வீட்டில் படுத்திருந்த இரண்டு நாள் அதில் சேரவே சேராது.

திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்றால் சர்க்கரையைக் குறைப்பார்கள், ரத்தசோகைக்கு மருந்து கொடுப்பார்கள், இதயத்தைப் பரிசோதிப்பார்கள். அவசரத்தில் எதற்கும் நேரமில்லை. வயது கூடியவர், சிறுநீரகம் பழுதானவர், ரத்தத்தில் கிருமி நஞ்சு பரவி பிரஷர் இறங்கிய நிலையில் வந்து சேர்பவர், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கத்தி படும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

மீதிப் பாதி ஆஸ்பத்திரியின் கையில். அதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-இல் இருந்து அவசர வயிற்று ஆபரேஷன்களைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறார்கள். தொடக்கத்தில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே! மூத்த சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் உடனிருப்பது, ஆபரேஷன் முடிந்ததும் பொது வார்டுக்கு அனுப்பாமல் ஐசியுவில் வைப்பது என்று கவனிக்கத் தொடங்கிய பிறகு அது ஒன்பதை ஒட்டி இறங்கியது.

எனவே என் கோரிக்கை இரண்டு பக்கமும்தான். மலைக்குள்ளேயே இரவு பகல் எந்நேரமும் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் இருக்க வேண்டும். 2015-இல் லான்செட் கமிஷன் வகுத்த அளவு, அவசர ஆபரேஷன் செய்யும் இடம் இரண்டு மணி நேரத்துக்குள் எட்ட வேண்டும் என்பது. மழையில் மரம் விழுந்த இரவில் உள்கிராமத்துக்காரர் ஒருவர் அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கே இருப்பார் என்று அதிகாரிகள் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

நம் பக்கம்: "ஆபரேஷன் பண்ணா செத்துடுவாங்க" என்ற பேச்சை நிறுத்துங்கள். அந்தப் பயத்தில்தான் அடுத்தவர் இன்னும் தாமதமாகப் போகிறார், அவரும் இறக்கிறார், பேச்சு இன்னும் வலுக்கிறது. வயிறு இறுகினால், வாந்தி நிற்காவிட்டால், வாயு பிரியாவிட்டால் அன்றைக்கே கிளம்புங்கள். தின்கிற மாத்திரை அட்டைகளை எல்லாம் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கருமாதி அன்று அந்தப் பையனிடம் கஷாய விஷயத்தைச் சொன்னேன். "விடுங்க சார்" என்றான். என்னால்தான் விட முடியவில்லை.