குற்றம் என்னவென்று சொல்லாமலே தண்டனை!



கைப்பேசியில் புலனம், அதாவது வாட்ஸ்அப், திடீரென்று முடங்கிப் போனவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்களே அப்படி ஒருவராகவும் இருக்கலாம். இந்தக் கணக்கு இனிமேல் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த முடியாது என்று ஒரு வரி திரையில் வரும். குப்பைச் செய்தி அனுப்புகிறவர், அதாவது ஸ்பேமர், என்று சந்தேகம். அவ்வளவுதான். எந்தச் செய்தி, எந்தத் தேதி, யாருக்கு அனுப்பியது, யார் புகார் செய்தார்கள்? எதற்கும் பதில் இல்லை.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா, வேறு செயலியை இறக்கிக்கொண்டால் போயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் அலுவலக மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள். நம் குடும்பங்களின் நிலைமை வேறு. தொழிற்சாலையில் நாளைக்கு எந்த ஷிப்ட், ஓவர்டைம் உண்டா இல்லையா என்பது புலனக் குழுவில்தான் வருகிறது. தொழிற்சாலை பேருந்து தாமதம் என்றாலும் அங்கேதான். ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் பாலத்தில் நெரிசல் எப்படி என்று பார்ப்பதும் அதில்தான். தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அறிவிப்பு, வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் அக்காவுக்கு வரும் தீபாவளி ஆர்டர், தோட்டத்தில் இருக்கும் பாட்டியின் குரல் பதிவு, யார் வீட்டில் இழவு என்ற செய்தி, எல்லாமே ஒரே எண்ணில், ஒரே செயலியில். அந்த எண்ணை மூடினால் ஒரு மனிதரை வேலையிலிருந்தும் சொந்தபந்தத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளியதாகிறது.

இந்தத் தடை எப்படி விழுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கக்கூடிய முறையில் பூட்டப்பட்டு அனுப்பப்படுகின்றன. நிறுவனம் உங்கள் செய்தியைப் படிப்பதில்லை. அது நல்லதுதான். ஆகவே அது உங்கள் நடத்தையைப் பார்க்கிறது. எண் எப்போது பதிவானது, எவ்வளவு வேகமாக எத்தனை பேருக்கு அனுப்புகிறீர்கள், எத்தனை குழுக்களைத் தொடங்குகிறீர்கள், பெற்றவர்களில் எத்தனை பேர் உங்களைத் தடுக்கிறார்கள் அல்லது புகார் செய்கிறார்கள் என்பன போன்ற அடையாளங்களை இயந்திரம் கூட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. மொத்தமாகவோ தானியங்கி முறையிலோ செய்தி அனுப்பியதற்காக மாதத்திற்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை நீக்குவதாக 2019இல் அந்த நிறுவனமே அறிவித்தது. அவற்றில் 75 விழுக்காட்டுக்கு மேல், அண்மையில் எந்தப் பயனரும் புகார் செய்யாமலேயே நீக்கப்பட்டவை. அதாவது பெரும்பாலான தடைகளுக்குப் பின்னால் புகார்தாரர் என்று ஒருவரே இல்லை.

இப்போது நம் தாமானில், நம் பிளாட்டில் இருக்கும் ஒரு தொண்டரை நினைத்துப் பாருங்கள். அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள் என்று அவருக்குத் தெரிய வருகிறது. கையில் 150 வீடுகளின் எண்கள் இருக்கின்றன. உட்கார்ந்து ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் ஒட்டி ஒட்டி அனுப்புகிறார். அவருடையது போன மாதம் வாங்கிய புது பிரிபெய்ட் எண், ஏனென்றால் பழைய எண்ணுக்கு நேரத்தில் டாப்-அப் போட முடியவில்லை. அந்த 150 வீட்டாரில் பாதிப் பேர் அவருடைய எண்ணைச் சேமித்து வைக்கவில்லை. யாரோ ஸ்கேம் என்று பயந்து பத்துப் பேர் தடுத்துவிடுகிறார்கள். புது எண், ஒரே வாசகம், பழக்கமில்லாத பெறுநர்கள், வேகம், அதோடு தடுப்பு வேறு! இயந்திரத்தின் கண்ணுக்கு இவரும் மோசடிக்காரரும் இரட்டைப் பிள்ளைகள்.

பணம் உள்ள நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கட்டணம் கட்டி வணிகக் கணக்கின் வழியாக ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்ப வழி இருக்கிறது. காசு கொடுத்து மொத்தமாக அனுப்புவது வியாபாரம், காசில்லாமல் ஊருக்காக மொத்தமாக அனுப்புவது குப்பை என்றல்லவா ஆகிறது? விதியை எழுதியவர்கள் ஏழைகளைப் பிடிக்க நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வலையில் விழுகிறவர் யார் என்று பார்த்தால் கணக்கு அப்படித்தான் முடிகிறது. அடிக்கடி எண் மாற்றுகிறவரும், கெடு தவறிய எண் மறுபடி விற்பனைக்கு வரும்போது பழைய சொந்தக்காரரின் வினையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறவரும் யார்? கடையில் பழைய கைப்பேசி வாங்கி, அதில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த போலிச் செயலியை உண்மை வாட்ஸ்அப் என்று நம்புகிறவர் யார்?

இன்னொன்றும் உண்டு, நம் சமூகத்துக்கே உரிய தலைவலி. ஒருவரைப் பற்றிப் புகார் அழுத்தினால் அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. அனுப்பியவருக்கு அது தெரியாது. கூட்டமாகச் சேர்ந்து பொய்ப் புகார் செய்யும் ஆபத்தை நிறுவனமும் அறிந்தே இருக்கிறது. புகார் செய்கிறவருக்கும் புகாருக்கு உள்ளானவருக்கும் முன்பே பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்கிறது. ஆனால் கோயில் நிர்வாகத் தேர்தலிலும் பள்ளிச் சங்கத் தகராறிலும் சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள்தானே!

நியாயமாகவும் பேசுவோம். மோசடிக்காரர்களைத் தடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கம்போடியா, மியன்மார் மோசடி மையங்களுக்கு வேலை ஆசை காட்டிக் கடத்தப்பட்டவர்களில் மலேசியர்களும் உண்டு. ஒரே அழைப்பில் இபிஎஃப் சேமிப்பை இழந்த குடும்பங்களும் உண்டு. 2025இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் மோசடி மையங்களோடு தொடர்புடைய 68 லட்சம் கணக்குகளை நீக்கியதாக வாட்ஸ்அப் அறிவித்தது. அந்த வேலை நடக்கத்தான் வேண்டும். நம் கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. 68 லட்சத்தில் நூற்றுக்கு ஒன்று தவறு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 68 ஆயிரம் பேர். அவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

2021 மே மாதம் காஸாவில் நடந்ததைப் பாருங்கள். போர் நிறுத்தம் வந்த கையோடு 17 பத்திரிகையாளர்கள் தங்கள் வாட்ஸ்அப் கணக்குகள் தடுக்கப்பட்டதாக ஏபி செய்தி நிறுவனத்திடம் உறுதிப்படுத்தினார்கள். காரணம் ஸ்பேம் அல்ல. செய்தி சேகரிப்பதற்காக அவர்களில் பலர் ஹமாஸ் குழு ஒன்றில் இருந்திருக்கிறார்கள். சில நாள்களில் நான்கு பேரின் கணக்குகள் திரும்பின. அந்த நால்வரும் அல் ஜசீரா நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு விடிவு வரவில்லை. பின்னால் பெரிய பெயர் இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஒப்பந்தம் என்ன சொல்கிறது? நீங்களும் நானும் படிக்காமல் ஒப்புக்கொண்ட அந்த விதிமுறைகளில், விதிகளை மீறியதாக நியாயமாகக் கருதினாலே எந்த நேரத்திலும் சேவையை நிறுத்தலாம் என்று நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. வழக்காட வேண்டுமானால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வடக்கு மாவட்டக் கூட்டரசு நீதிமன்றம் அல்லது சான் மத்தேயோ வட்டார நீதிமன்றம். கிள்ளானில் துப்புரவு வேலை செய்யும் ஒரு தாய் சான் மத்தேயோவுக்கு எந்தப் பேருந்தில் போவார்?

சட்டம் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லும் என்பதற்கும் சான்று உண்டு. இந்தியாவில் 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒரு குறைதீர் அதிகாரியையும் மாதாந்திர அறிக்கையையும் கட்டாயமாக்கின. அதன் பிறகே முதல் அறிக்கை வெளிவந்தது. 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை தடை செய்யப்பட்ட கணக்குகள் சுமார் 20 லட்சம். குறைதீர் அதிகாரியிடம் வந்த தடை நீக்க முறையீடுகள் வெறும் 204. நடவடிக்கை எடுக்கப்பட்டவை 63. செயலிக்குள்ளேயே செய்யப்படும் மேல்முறையீடுகள் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கதவு இருப்பது தெரிந்து தட்டியவர்கள் 204 பேர்தான் என்பது யோசிக்க வைக்கிறது. உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது, அது இருப்பதை மக்கள் அறிந்திருக்கவும் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி 17 முதல் முழு நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், முகநூல் போன்ற தளங்கள் ஒருவரின் கணக்கை முடக்கினால் அதற்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டை இயந்திரம் மட்டும் முடிவு செய்துவிடவும் கூடாது. தனிப்பட்ட உரையாடல் சேவைக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தாதுதான். ஆனால் காரணம் சொல்வதும் ஒரு மனிதர் மறுபடி பார்ப்பதும் முடியாத காரியமல்ல என்பது நிரூபணமாகிவிட்டது.

நம் நாட்டில்? 80 லட்சமும் அதற்கு மேலும் பயனர்கள் உள்ள சமூக ஊடகங்களும் செய்திச் சேவைகளும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோசடி, இணையப் பகடிவதை, சிறாருக்கு எதிரான குற்றங்கள் ஆகியவையே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். எதை நீக்க வேண்டும் என்பதைப் பற்றி ஏராளமாகப் பேசுகிறோம். தவறாக நீக்கப்பட்டவர் எங்கே போய் நிற்பது என்பதைப் பற்றி யார் பேசுவது? அரசாங்கத்துக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்பவில்லை. கணக்குகளை மூடும்படி உத்தரவிடும் அதிகாரம் அரசியலுக்கும் பயன்படும் என்ற அச்சம் நியாயமானதே. நாம் கேட்பது சிறியது. தடை விதித்தால் காரணத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் சீனத்திலும் தெரிவிக்கட்டும். மேல்முறையீட்டை ஒரு மனிதர் பார்க்கட்டும், அதற்கு நாள் கெடு இருக்கட்டும். கெடு தாண்டினால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிட வழி இருக்கட்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்லும்படி வலியுறுத்துங்கள்.

அதுவரை சும்மா இருக்கவும் முடியாது. தடை விழுந்துவிட்டால் பதற்றத்தில் செயலியை அழித்துவிடாதீர்கள், பழைய உரையாடல்கள் அந்தக் கைப்பேசியிலேயே கிடக்கின்றன. திரையைப் படம் பிடித்து வையுங்கள். அந்தத் திரையிலேயே மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் குறுஞ்செய்தியில் ஆறு இலக்க எண் வரும், ஆகவே சிம் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். யாருக்கு என்ன அனுப்பினீர்கள், எதற்காக அனுப்பினீர்கள் என்று நான்கு வரியில் தெளிவாக எழுதுங்கள். அந்த ஆறு இலக்க எண்ணை மட்டும் வேறு எவரிடமும் சொல்லாதீர்கள். ஐம்பது வெள்ளி கொடுத்தால் தடையை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் கிளம்பி வருவார். அவரும் மோசடிக்காரர்தான். ஏமாந்துவிட்டால் உடனே 997க்கு அழையுங்கள். சில தடைகள் தற்காலிகமானவை, திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஜிபி வாட்ஸ்அப் போன்ற போலிச் செயலியால் வந்த தடை என்றால், அதை விட்டு உண்மையான செயலிக்கு மாறுங்கள்.

சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரே வாசகத்தை நூறு பேருக்கு ஒட்டி அனுப்புவதை நிறுத்துங்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். விருப்பம் கேட்டுச் சேர்த்து, அங்கே ஒருமுறை எழுதுங்கள். சங்கத்தின் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளும்படி எல்லாரிடமும் நேரில் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது மூன்று நிர்வாகிகளை வையுங்கள், ஒருவர் தடையில் சிக்கினாலும் குழு அநாதையாகாது. உறுப்பினர்களின் பெயரையும் எண்ணையும் வீட்டு முகவரியையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி, ஒரு பிரதியைச் செயலாளரிடமும் இன்னொன்றைப் பொருளாளரிடமும் இந்த வாரமே கொடுத்து வையுங்கள்.