வாயைத் திறந்தால் பல் மட்டுமா தெரிகிறது?

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், பள்ளிக்கு வரும் டாக்டர் "உவ்ரே லா பூஷ்" என்பார். வாயைத் திற என்று பொருள். நாக்கு, கன்னம், தொண்டை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் விடுவார். இன்று எங்கள் அம்பத்தூரில் தெருவுக்குத் தெரு பல் கிளினிக். பார்ப்பதோ பல்லை மட்டும்!

என்னோடு ஆபீசில் இருந்த நண்பர் முப்பது வருடம் புகையிலை போட்டவர். ஒரே வருடத்தில் மூன்று முறை பல்வலிக்குப் போனார். பல்லைப் பிடுங்கினார்கள், கேப் போட்டார்கள், பில் கொடுத்தார்கள். நாக்கைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அடியிலிருந்த வெள்ளைத் திட்டு புற்றாகி, பாதி நாக்கு போயிற்று.

"பேஷண்ட் சொல்லவில்லையே" என்கிறார்கள். ஆரம்பத்தில் வலிக்காத நோயை அவர் எப்படிச் சொல்வார்? நேரமில்லை என்பதும் சாக்கு. விளக்கும் கண்ணாடியும் கையிலேயே இருக்கின்றன. இரண்டு நிமிட வேலை. திருவனந்தபுரம் மாவட்டத்தில், டாக்டர்கள்கூட அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அவர்களால் முடிந்தது, ஐந்து வருடம் படித்த பல் டாக்டரால் முடியாதா?

2013-இல் இங்கே குட்காவைத் தடை செய்தார்கள். பழக்கம் போய்விட்டதா என்ன? ஆகவே, அடுத்த முறை அந்த நாற்காலியில் சாயும்போது நீங்களே கேளுங்கள்: "டாக்டர், நாக்குக்கு அடியிலும் கன்னத்துக்கு உள்ளேயும் பார்த்தீர்களா?" வெள்ளை, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.